இரத்தம் நோகாமல் இறைப்பது எப்படி?



போர்ட் கிள்ளான் துறைமுகத்தை அறியாதவர்கள் நம்மில் இல்லை. 1901-ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது அது. 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. நம் பாட்டன் பாட்டிகளில் பலர் இந்த நாட்டில் முதன்முதலாகக் காலூன்றிய இடம் அதுதான். அவர்கள் வெட்டிய ரப்பர் பாலும், அவர்கள் பிள்ளைகள் அறுத்த செம்பனைக் குலையிலிருந்து பிழிந்த எண்ணெயும் அந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான் கடல் கடந்து போயின.

செம்பனை எண்ணெயை எப்படிக் கப்பலில் ஏற்றுகிறார்கள் தெரியுமா? கரையில் பெரிய பெரிய தொட்டிகள் இருக்கின்றன. உறைந்து போகாமல் இருக்க எண்ணெயை இளஞ்சூட்டில் வைத்திருக்கிறார்கள். பிறகு பம்பு வைத்து, குழாய் வழியாகக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். பம்பின் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் எண்ணெய் எண்ணெயாகவே போய்ச் சேருகிறது. அதற்கு வலியும் இல்லை, காயமும் இல்லை.

ஆனால் எல்லாத் திரவமும் அப்படிப் பொறுத்துக்கொள்ளுமா? பொறுத்துக்கொள்ளாது. பால் மரத்தோடு வாழ்ந்த நமக்கு இது நன்றாகத் தெரியும். வாளியில் இருக்கும் ரப்பர் பாலில் கொஞ்சம் ஆசிட் விட்டால் கட்டியாகிவிடும். கோப்பையில் மறந்துவிட்டால் மறுநாள் ஒட்டுப்பாலாகிக் கிடக்கும். அமோனியா கலந்து வைத்தால் கெடாமல் இருக்கும். ஆனால், அமோனியா கலந்த பாலையும் முரட்டுத்தனமாகக் கடைந்தால் அது திரிதிரியாகத் திரண்டுவிடும். ரப்பர் பாலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் புரதத்தால் ஆன மெல்லிய போர்வை இருக்கிறது. மோதலிலும் உராய்விலும் அந்தப் போர்வை குலைந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

ரப்பர் ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. கெட்டியாக்கிய பாலை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அதற்குள் ஒரு தட்டை நிமிடத்துக்கு 14,000 சுற்று வேகத்தில் சுழலவிடுகிறார்கள். எத்தனை விநாடியில் முதல் திரி தோன்றுகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது 650 விநாடியாவது தாங்க வேண்டும் என்பது உலகத் தர விதி. கிள்ளான் வட்டாரத்துக் கையுறைத் தொழிற்சாலைகளுக்கு வரும் பாலுக்கும் இந்தக் கணக்கு உண்டு.

இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ரப்பர் பாலைவிட ஆயிரம் மடங்கு அருமையான ஒரு திரவம் நம் உடம்புக்குள் ஓடுகிறதே, இரத்தம்! அதைப் பம்பு வைத்து இறைத்தால் என்ன ஆகும்? இன்று நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

முதலில் இரத்தத்தைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். வளர்ந்த மனிதரின் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் ஒரு கடுகளவு, அதாவது ஒரு கன மில்லிமீட்டர் எடுத்தால், அதற்குள் ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். ஒவ்வொரு சிவப்பணுவும் நடுவில் குழிந்த சிறு வட்டில் போன்றது. அதன் குறுக்களவு சுமார் 8 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் பருமனுக்குள் பத்துச் சிவப்பணுக்களை வரிசையாக அடுக்கிவிடலாம். மூச்சில் வரும் பிராணவாயுவை உடம்பின் மூலை முடுக்கெல்லாம் சுமந்து செல்வது இந்தச் சிவப்பணுதான். தன்னைவிடக் குறுகிய நுண்குழாய்களுக்குள் அது தன் உடம்பை மடித்துக்கொண்டு நுழைந்து வெளியே வருகிறது. இப்படி 120 நாள் உழைத்துவிட்டு ஓய்ந்து போகிறது.

அதனோடு தட்டணுக்கள் இருக்கின்றன. வெட்டுக்காயம் பட்டால் ஓடிவந்து அடைப்புப் போடுபவை இவை. இன்னும் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும் ஒருவகைப் புரதமும் உண்டு. காயம் பட்ட இடத்தில் அது விரிந்து, தட்டணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது.

இத்தனையையும் இறைத்துக் கொடுக்கும் பம்பு நம் இருதயம். அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடித்து, 7,000 லிட்டருக்குமேல் இரத்தத்தை இறைக்கிறது. ஆனாலும் அது சுழல்வதில்லை. உராய்வதில்லை. ஈரமான உள்ளங்கை மூடித் திறப்பதுபோல மெல்ல அழுத்தித் தள்ளுகிறது. ஆகவே அந்தப் பம்புக்குள் இரத்தம் நோகாமல் போய்வருகிறது.

அந்த இருதயம் ஓய்ந்துவிட்டால்? அல்லது அறுவை சிகிச்சைக்காக அதைச் சற்று நேரம் நிறுத்த வேண்டியிருந்தால்? அப்போது மனிதன் செய்த பம்புதான் அதன் வேலையைப் பார்க்க வேண்டும். 1953-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டாக்டர் ஜான் கிப்பன் இதைச் செய்து காட்டினார். இளம்பெண் ஒருத்தியின் இருதயத்தில் இருந்த துளையை அவர் அடைத்து முடிக்கும்வரை, அவளுடைய இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓர் இயந்திரம் வேலை செய்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் 1992-இல் தொடங்கப்பட்டது. ஐ.ஜே.என். என்று நாம் சொல்கிறோமே, அந்த மருத்துவமனைதான். அங்கே 2006-இல் ஒரு பள்ளிச் சிறுமிக்கு இயந்திர இருதயம் பொருத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் அந்த இயந்திரத்தின் தயவில்தான் அவள் உயிர் வாழ்ந்தாள். 2007 அக்டோபரில் அவளுக்கு 14 வயது. தானமாகக் கிடைத்த ஓர் இருதயத்தைப் பொருத்தினார்கள். அதை அவள் உடம்பு ஏற்கவில்லை. மறுநாளே வேறோர் இருதயம் கிடைத்தது. அது நிலைத்தது. இரண்டு குடும்பங்கள் தங்கள் துக்கத்துக்கு நடுவிலும் கொடுத்த கொடை அது. அந்தக் கொடை வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தது ஒரு பம்பு.

இருதய இயந்திரம் எங்கோ யாருக்கோ வைப்பது என்று நாம் நினைக்க வேண்டாம். நம் தோட்டத்துக் குடும்பங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து கிள்ளான் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் குடும்பங்களிலும், இனிப்பு நீர் நோயால் சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அவர்கள் இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் படுத்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு பம்பு சுழல்கிறது. நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர். உடம்பில் இருப்பதோ ஐந்து லிட்டர். அப்படியானால் ஒவ்வொரு துளி இரத்தமும் ஒரே நாளில் பதினான்கு முறை அந்தக் குழாய்க்குள் போய் வருகிறது என்று அர்த்தம். இரத்தத்தை நோகாமல் இறைப்பது எப்படி என்பது நம் வீட்டுக் கேள்விதான்.

இரத்தம் நொந்தால் என்ன நடக்கும்? மூன்று விதமான கேடு நேரலாம்.

முதலாவது, சிவப்பணு உடைந்து போவது. அது உடைந்தால் உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டிவிடும். அணுவுக்குள் இருக்கும்போது உயிர் காக்கும் பொருள், வெளியே வந்தால் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுத்துப்போய், சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி போல இறங்கும். சோகையும் களைப்பும் வரும்.

இரண்டாவது, தட்டணுக்கள் ஏமாந்து போவது. பம்பின் உரசலைக் காயம் என்று நினைத்து அவை ஒன்றுகூடி இரத்தத்தை உறையச் செய்யும். உறைந்த கட்டி பம்பை அடைக்கலாம். மூளைக்கு ஓடிப்போனால் பக்கவாதம் வரும்.

மூன்றாவது, நாம் சொன்ன அந்த நூல்கண்டுப் புரதம் இழுபட்டு, விரிந்து, துண்டு துண்டாவது. பிறகு உண்மையாகவே காயம் பட்டால் இரத்தத்தை நிறுத்த ஆள் இருக்காது. மூக்கிலும் குடலிலும் இரத்தம் கசியும்.

பார்த்தீர்களா? ஒரே பம்பு ஒரு பக்கம் இரத்தத்தை உறைய வைக்கிறது, இன்னொரு பக்கம் நிற்காமல் ஒழுகவும் வைக்கிறது. மருத்துவருக்கு இது கத்திமேல் நடக்கிற வேலை.

இதற்கு ஒரு சிறு துவாரம் போதும் என்பதற்கு உதாரணம் சொல்கிறோம். 1998-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில், சிறுநீரகத்துக்காக இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்ட 30 நோயாளிகளுக்குச் சிவப்பணுக்கள் உடைந்துபோயின. நெஞ்சுவலி, வயிற்றுவலி, மூச்சுத் திணறல். இருவர் இறந்து போனார்கள். தண்ணீரில் நஞ்சா, மருந்தில் கோளாறா என்று தேடினார்கள். கடைசியில் கண்டுபிடித்தது என்ன? இரத்தம் போகிற பிளாஸ்டிக் குழாய்த் தொகுப்பில், ஓரிடத்தில் துவாரம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறுகலாக அமைந்துவிட்டது. அவ்வளவுதான். வாசல் குறுகினால் கூட்டம் நெரியும் அல்லவா? திருவிழாக் கூட்டம் ஒரு சிறு கதவு வழியே முண்டியடித்தால் என்ன ஆகுமோ அதுவே சிவப்பணுக்களுக்கும் ஆயிற்று.

அப்படியானால் சிவப்பணு எவ்வளவு இழுப்பைத் தாங்கும்? 1972-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள். நடுவில் உள்ள இடுக்கில் இரத்தம். ஓர் உருளையைச் சுழற்றினால் இரத்தம் பக்கவாட்டில் இழுபடும். இரண்டு நிமிட நேரம் இப்படி இழுத்துப் பார்த்ததில், 150 பாஸ்கல் என்ற அளவைத் தாண்டியதும் அணுக்கள் வேகமாக உடையத் தொடங்கின. 150 பாஸ்கல் என்றால் என்ன? ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள ஒரு பாயின் மேற்பரப்பு முழுவதையும், சுமார் 15 கிலோ எடைக்குச் சமமான விசையால் பக்கவாட்டில் இழுப்பதுபோல. நமக்கு இது பெரிதல்ல. நம் இரத்தக் குழாய்களில் இயல்பாக இருக்கும் இழுப்போ ஒரு சில பாஸ்கல்தான். சிவப்பணுவுக்கு 150 என்பது பெரும் புயல்.

ஆனால் இழுப்பு மட்டும் கணக்கல்ல, நேரமும் கணக்கு. இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் வாம்ப்ளர் எகிப்து நாட்டு கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தபோது, விவசாயிகள் திருகு போன்ற ஒரு கருவியைச் சுழற்றி ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்றுவதைப் பார்த்தார். நம் ஊரில் ஏற்றம் இறைத்ததுபோல அவர்களுக்கு அந்தத் திருகு. அதைப் போலவே மிகச் சிறிய திருகு ஒன்றைச் செய்து, இரத்தக் குழாய்க்குள் வைத்து இரத்தத்தை இறைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நிமிடத்துக்கு 25,000 சுற்று! சிவப்பணு எல்லாம் கூழாகிவிடும் என்றுதான் அறிந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் 1988-இல் அந்தப் பம்பை நோயாளிக்கு வைத்தபோது இரத்தம் தாங்கிக்கொண்டது. காரணம், ஒவ்வொரு சிவப்பணுவும் அந்தத் திருகுக்குள் இருந்த நேரம் கண்ணிமைக்கும் நேரத்திலும் சிறியது. அடுப்புத் தணலைச் சட்டென்று தொட்டுவிட்டுக் கையை எடுப்பதற்கும், கையை அதிலேயே வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இழுப்பு, நேரம் இரண்டையும் சேர்த்து ஒரே சூத்திரமாக 1990-இல் ஜெர்மனியின் ஆகன் நகர ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அந்தச் சூத்திரம் சொல்வது இது. நேரத்தை இரு மடங்காக்கினால் சேதம் சுமார் 1.7 மடங்கு ஆகிறது. இழுப்பை இரு மடங்காக்கினாலோ சேதம் ஐந்து மடங்குக்கு மேல் ஆகிறது. நம் அனுபவத்தில் சொல்வதானால், 20 கிலோ செம்பனைக் குலையை இரண்டு மணி நேரம் சுமப்பது ஒன்று, 40 கிலோ குலையை ஒரு மணி நேரம் சுமப்பது வேறொன்று. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதுகு எதைச் சொல்லும்? இரத்தமும் அப்படித்தான்.

இங்கேதான் கணிப்பொறி வருகிறது.

முன்பெல்லாம் ஒரு புதிய பம்பைச் செய்தால், அதற்குள் மாட்டு இரத்தத்தையோ பன்றி இரத்தத்தையோ ஊற்றி மணிக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். அணுக்கள் உடைந்திருக்கின்றனவா என்று சோதிப்பார்கள். உடைந்திருந்தால் அந்தப் பம்பை வீசிவிட்டு வேறொன்று செய்ய வேண்டும். பணமும் காலமும் வீணாகும். அதோடு, எங்கே உடைந்தது என்று தெரியாது. மூடிய பம்புக்குள் எந்த மூலையில் இரத்தம் நெரிந்தது என்று யார் பார்க்க முடியும்?

கணிப்பொறி என்ன செய்கிறது? பம்புக்குள் இருக்கும் வெற்றிடத்தை லட்சக்கணக்கான சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு பெரிய தோட்டத்தை நிரை நிரையாகப் பிரித்து, ஒவ்வொரு நிரைக்கும் ஒரு கணக்கு எழுதுவதுபோல. ஒவ்வொரு கட்டத்திலும் இரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது, அழுத்தம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. ஒரு கட்டத்திலிருந்து வெளியேறுவது அடுத்த கட்டத்துக்குள் போயாக வேண்டும். நடுவில் ஒரு துளியும் காணாமல் போகக் கூடாது. இந்த விதியை எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே சமயத்தில் பொருந்தச் செய்வதற்குக் கையால் கணக்குப் போட்டால் பல ஆயுள் வேண்டும். கணிப்பொறி சில மணி நேரத்திலோ சில நாளிலோ முடித்துவிடும்.

அடுத்த வேலை இன்னும் சுவையானது. ஆயிரக்கணக்கான சிவப்பணுக்களைக் கற்பனையாகப் பம்பின் வாசலில் விடுகிறார்கள். ஒவ்வொன்றும் எந்த வழியாகப் போகிறது, வழியில் எங்கெங்கே எத்தனை பாஸ்கல் இழுப்பை எவ்வளவு நேரம் அனுபவிக்கிறது என்று கணிப்பொறி குறித்துக்கொண்டே வருகிறது. கடைசியில் கூட்டிப் பார்த்தால் அந்த அணு பட்ட பாடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். நம் தோட்டத்தில் ஒவ்வொருவர் பாலையும் நிறுத்துக் கிராணி செக்ரோலில் எழுதி, மாதக் கடைசியில் கூட்டுவார் அல்லவா? அதே வேலைதான். எந்த மூலையில் இழுப்பு அதிகம், எந்த மூலையில் இரத்தம் ஓடாமல் தேங்குகிறது என்று படமாகவே காட்டிவிடும். தேங்குமிடம் உறையும் இடம். நெரியும் இடம் உடையும் இடம். இரண்டையும் திருத்திவிட்டுப் பிறகு பம்பைச் செய்யலாம்.

ஆனால் நேயர்களே, கணிப்பொறி சொன்னால் அது வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் கொடுத்த கணக்கைத்தான் அது போடும். கொடுத்தது கோணலானால் விடையும் கோணல்தான்.

ஒரு கோணலைப் பார்ப்போம். பல கணக்குகளில் இரத்தத்தைத் தண்ணீர் மாதிரி எண்ணிவிடுகிறார்கள். இரத்தம் தண்ணீர் அல்ல. மெதுவாக ஓடும்போது சிவப்பணுக்கள் காசை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும்; இரத்தம் கெட்டியாகிவிடும். வேகமாக ஓடும்போது அடுக்குக் கலைந்து இளகிவிடும். இந்தக் குணத்தைக் கணக்கில் கொண்டுவர உழைத்தவர்களில் ஒருவர் நம்மவர். கும்பகோணம் என்ற ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய பேராசிரியர் ராஜகோபால். 1973-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்று, அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். கட்டி எப்படி உருவாகிறது, எப்படிக் கரைகிறது என்பதையும், வேகத்துக்கு ஏற்ப இளகி, இழுத்தால் மீளும் இரத்தத்தின் இயல்பையும் கணக்காக எழுதி, 2003, 2004 ஆண்டுகளில் ஆனந்த் என்பவரோடும் மற்றவரோடும் சேர்ந்து வெளியிட்டார்.

இன்னொரு கோணல். நாம் சொன்ன 1990-ஆம் ஆண்டுச் சூத்திரம் சேதத்தை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் கண்டன. ஆகவே இந்தப் பம்பைவிட அந்தப் பம்பு மேல் என்று ஒப்பிட அது உதவும். இத்தனை அணு உடையும் என்று எண்ணிச் சொல்ல அதை அப்படியே நம்ப முடியாது.

மூன்றாவது, கணக்குப் போடுகிறவர். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு பரீட்சை வைத்தது. நடுவில் குறுகி மறுபடி அகலமாகும் எளிய குழாய் ஒன்று. அதற்குள் ஓட்டம் எப்படி இருக்கும் என்று கணிப்பொறியில் கணக்கிட்டு அனுப்பச் சொன்னது. 28 குழுக்கள் விடை அனுப்பின. 2012-இல் முடிவு வெளியானது. ஒரே குழாய்தான், ஆனால் விடைகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன. ஆய்வுக்கூடத்தில் உண்மையாக அளந்ததோடு பல விடைகள் பொருந்தவில்லை. ஆகவே கணிப்பொறிக் கணக்கை உண்மையான இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும் என்ற பாடம் உறுதியாயிற்று.

பொறுமையாகச் சோதித்துப் பார்ப்பதன் அருமைக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு சான்று இருக்கிறது. அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் ஒரு செயற்கை இருதய வால்வு செய்யும் முயற்சி நடந்தது. முதல் மூன்று மாதிரிகளும் சோதனையில் தோற்றன. மனிதருக்கு வைக்கும் முன்பே தோற்றதுதான் நல்லது என்று அவர்கள் விடாமல் முயன்றார்கள். நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன.

எவ்வளவு சோதித்தாலும் நோயாளியின் உடம்புக்குள் போன பிறகும் கண்காணிப்பு வேண்டும் என்பதற்கும் ஓர் உதாரணம் பார்ப்போம். ஹார்ட்மேட் டூ என்ற பம்பு உலகெங்கும் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது. அது நிமிடத்துக்குச் சுமார் 9,000 சுற்று சுழல்வது. அந்தப் பம்புக்குள் இரத்தம் உறைவது திடீரென்று கூடிவிட்டதை 2014-இல் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக் காட்டினார்கள். மூன்று மாதத்துக்குள் உறைந்தவை முன்பு நூற்றுக்கு 2.2, பின்பு நூற்றுக்கு 8.4. இதைக் கண்டுபிடித்தது கணிப்பொறி அல்ல. மூன்று மருத்துவமனைகள் தங்கள் நோயாளிக் கணக்கை ஒளிக்காமல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததால் தெரியவந்தது.

அடுத்து வந்த ஹார்ட்மேட் த்ரீ என்ற பம்பில் சுழலும் சக்கரம் எதன்மீதும் உராய்வதில்லை. காந்த விசையால் அந்தரத்தில் மிதந்துகொண்டு சுழல்கிறது. சக்கரத்தைச் சுற்றி இரத்தம் தாராளமாகப் போக இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் இரத்தம் நெரிகிறதா, தேங்குகிறதா என்று கணிப்பொறியில் கணக்கிட்டுப் பார்த்தே அதை வடிவமைத்தார்கள். இரத்தம் எங்கும் தேங்காமல் கழுவிச் செல்ல, இரண்டு விநாடிக்கு ஒருமுறை தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. பயன் என்ன? இரண்டு பம்புகளையும் ஆயிரம் நோயாளிகளுக்கு மேல் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில், பழைய பம்பு வைத்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பேருக்குப் பம்பில் உறைவு ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. புதிய பம்பிலோ நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர்தான். ஒரு சிறு இடைவெளியைச் சரியாக வைத்ததில் எத்தனை குடும்பத்தின் கண்ணீர் குறைந்திருக்கிறது பாருங்கள்!

சரி, இதெல்லாம் விஞ்ஞானிகள் பாடு. நாம் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லையா? உண்டு.

உங்கள் வீட்டில் யாராவது இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருகிறார்களா? படுத்திருக்கும்போது குழாய்மேல் கையோ உடம்போ அழுத்தாமல், குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மடங்கிய குழாயும் குறுகிய துவாரம்தான். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், முதுகுவலி, வயிற்றுவலி வந்தாலோ, குழாயில் ஓடும் இரத்தம் வழக்கத்துக்கு மாறாகக் கண்ணாடிபோலத் தெளிந்த சிவப்பாகத் தெரிந்தாலோ, அந்தக் கணமே தாதியைக் கூப்பிட வேண்டும். தாதிக்குத் தொந்தரவு கொடுப்பானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது நம் பெரியவர்களின் பழக்கம். தோட்டத்தில் அந்தப் பொறுமை நமக்குச் சோறு போட்டிருக்கலாம். இந்தப் படுக்கையில் அது உதவாது.

செயற்கை வால்வோ இருதயப் பம்போ வைத்துக்கொண்டவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருத்துவர் கொடுக்கும் மாத்திரையை ஒரு நாளும் தாமாக நிறுத்தக் கூடாது; தாமாகக் கூட்டவும் கூடாது. வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள், ஒரு நாள் கீரையை அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வாரக்கணக்கில் தொடாமல் இருப்பது கூடாது. எதையும் ஒரே அளவாக உண்ண வேண்டும். நாட்டு மருந்தோ வேர்ச்சூரணமோ யாராவது கொடுத்தால், முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிறுநீர் கறுத்தால், ஈறில் இரத்தம் கசிந்தால், மலம் தார்போலக் கறுத்தால், அடுத்த தவணைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. நமக்கு அந்தப் பம்பே வேண்டாமல் செய்துகொள்வதுதான் நல்லது. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் வலியில்லாமல் உள்ளே வேலை செய்பவை. பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போய் அவ்வப்போது சோதித்துக்கொண்டால், சிறுநீரகமும் இருதயமும் ஓய்ந்துபோகும் நாளைத் தள்ளிப் போடலாம்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கணக்குப் பாடம் எதற்கு உதவும் என்று நீங்கள் கேட்பதுண்டு. பெருக்கலும் வகுத்தலும் கடைக்கணக்கோடு நின்றுவிடுவதில்லை. இரத்தம் எந்த மூலையில் நெரிகிறது என்று கண்டுபிடித்து ஓர் உயிரைக் காப்பாற்றுவதும் அந்தக் கணக்குத்தான். ரப்பர் பால் எப்போது திரளும், எப்போது திரளாது என்று கைப்பக்குவத்தில் அறிந்திருந்தார்கள் உங்கள் பாட்டன் பாட்டிகள். அந்த அறிவை எண்ணாகவும் எழுத்தாகவும் மாற்றத் தெரிந்துகொண்டால், இரத்தம் நோகாமல் இறைக்கும் நாளைய பம்பை நீங்களே வடிவமைக்கலாம்.